அறுபத்து மூன்றாவது அலறல்

நான் வாயைத் திறந்தால் பொய்தான் என்று என் மனைவியே சாட்சி சொல்வாள். இது அந்தக் கணக்கில் சேராது. பட்டப்பகலில், என் கண்ணெதிரே நடந்தது.

என் மாப்பிள்ளை கம்ப்யூட்டர், போன் விளையாட்டு செய்யும் கம்பெனி நடத்தினார். எதிரே வருபவனை வெட்டிச் சாய்க்கிற விளையாட்டு. நான் முப்பது வருடம் கறிக்கடையில் கத்தி பிடித்தவன். "எலும்பு ஒடையிற சத்தம் ஒங்கள விட்டா யாருக்கு மாமா வரும்?" என்று, சத்தம் கசியாத கண்ணாடி அறையில் என்னை உட்கார வைத்து, நான் வெட்ட வெட்டப் பதிவு செய்தார்.

அங்கே ஒரு வழக்கம். வேலைக்குச் சேருகிறவர் முதல் நாளே தன் முகத்தையும் ஒரு சாவு அலறலையும் கொடுத்துவிட வேண்டும். விளையாட்டில் வெட்டுப்படும் எதிரிகள் அவர்கள்தான். அறுபத்திரண்டு பேர் கத்தினார்கள். மாப்பிள்ளையும் நானும் மட்டும் கத்தவில்லை. முதலாளி எதற்குச் சாக வேண்டும்? முதலாளியின் மாமனார்தான் எதற்கு?

விளையாட்டு பிய்த்துக்கொண்டு போனது. ஒற்றை அறை மூன்று மாடியானது.

திரையில் எதிரிகளை நடக்க வைத்த பையனுக்குப் பட்டப்பெயர் கொசு. ஆள் அவ்வளவு ஒல்லி. இரண்டாவது விளையாட்டுக்காக மூன்று நாள் தூங்காமல் உழைத்து, வீடு திரும்பும் வழியில் லாரிக்கு அடியில் போனான். அவன் அக்கா வந்தாள்.

"அவன் மூஞ்சிய எடுத்துடுங்க சார். செத்தவன இன்னும் எத்தன தடவ கொல்லுவீங்க?"

"பாக்கலாம்மா," என்றார் மாப்பிள்ளை.

பார்த்தார். கொசுவின் அலறலுக்குத்தான் மவுசு அதிகம் என்று, புது விளையாட்டில் எதிரிப்படை முழுவதற்கும் அவன் முகத்தையே வைத்தார்.

வெளியான அன்றே வினை. எத்தனை வெட்டு வெட்டினாலும் கொசுக்கள் சாகவில்லை. சாகாத எதிரியை எவன் வாங்குவான்? மூன்று மாடி மறுபடி ஒற்றை அறையானது. கடைசியில் மாமனாரும் மாப்பிள்ளையும் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 3:10. மின்சாரத்தைத் துண்டித்து நாலு நாள். மாப்பிள்ளை கண்ணாடி அறைக்குள் வயர் சுருட்டினார். கதவு திறந்திருந்தது. நான் வெளியே பெட்டி கட்டினேன்.

3:12. என் பக்கத்து ஸ்பீக்கரில்... டொக்.

என் கத்தி. விரிசல் விட்ட என் வெட்டுக்கட்டை ஒவ்வொரு வெட்டின் கடைசியிலும் லேசாக முனகும். அந்த முனகலும் இருந்தது.

"மாமா, வெளையாடாதீங்க."

"நான் இல்ல மாப்ள."

அணைந்திருந்த திரை எரிந்தது. வரிசை வரிசையாகக் கொசு. அத்தனை பேரும் கண்ணாடி அறையைப் பார்த்தார்கள்.

அறைக்கதவு சாத்திக்கொண்டது.

டொக்... மாப்பிள்ளையின் தோள் பிளந்தது. உள்ளே வேறு ஆள் இல்லை. கத்தியும் இல்லை.

டொக்... தடுக்கப்போன கை தரையில் விழுந்தது.

நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தேன். கீறல்கூட விழவில்லை.

டொக்... கழுத்து.

வாய் அகலத் திறந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணாடி சிவந்தது.

3:19. கதவு தானாகத் திறந்தது.

போலீஸ் என்னைக் குடைந்தெடுத்தது. என் கத்தி வீட்டுப் பரணில் துருப்பிடித்துக் கிடந்தது. விட்டுவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து முடிவெட்டப் போனேன். கடைக்காரர் போனில் விளையாடிக்கொண்டிருந்தார்.

"மாமா...!"

துள்ளி எழுந்தேன்.

"புதுசா ஒருத்தன் வந்திருக்கான் பெரியவரே. ஒவ்வொரு வெட்டுக்கும் இப்படித்தான் கூப்புடுறான்."

அன்று கண்ணாடி மறைத்த அலறல். எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளைதான். அவருக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம், நாற்காலியைத் தூக்கியபடி ஒரு கிழவன்.

"இந்தக் கெழவன்...?"

"அவன இன்னும் தொட முடியல. அடுத்த கட்டத்துலதான் அவன் பக்கம் கதவு தெறக்குமாம்."