தாங்கியில் மிஞ்சிய பெற்றோல்

என் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்தும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அதே வாரத்தில்தான், அவன் எனக்குக் கார்ப்பந்தய விளையாட்டைக் கற்றுத்தந்தான். இரண்டையும் என்னால் பிரித்து நினைக்க முடிவதில்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டும் விளையாட்டு இல்லை அது. ஓட்டுவதற்கு ஒருவனை ஒப்பந்தம் செய்யவேண்டும். நாங்கள் மனேஜர். எந்த டயர், எவ்வளவு பெற்றோல், எந்தச் சுற்றில் டயர் மாற்ற உள்ளே கூப்பிடுவது, எந்தப் பாகம் தேய்ந்துவிட்டது என்று எல்லாவற்றையும் இணையத்தில் முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும். புதனும் சனியும் மாலை ஐந்து மணிக்குக் கதவு மூடும். ஏழு மணிக்குப் பந்தயம். ஐந்துக்குப் பிறகு ஒன்றையும் மாற்றமுடியாது, பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். செவன் கிங்ஸ் ஸ்டேஷன்வரை போய், கதவைப் பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். எனக்கு இதைவிடப் பொருத்தமில்லாத விளையாட்டு இருக்காது.

தம்பி அப்படியில்லை. ஜெர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, கிங்ஸ்பரியில் வீடு எடுத்து, டயர் கடை போட்டு, சிறுநீரகம் பழுதானதும் கடையை விற்று, எல்லாவற்றையும் சட்டை மாற்றுகிற மாதிரிச் செய்தவன். திங்கள், புதன், வெள்ளி மதியம் டயாலிசிஸ். நாலு மணி நேரம் கதிரையில் படுத்திருக்கவேண்டும். கையிலிருந்து இரத்தம் குழாய் வழியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். புதன் எனக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை இல்லாத நாள். எலிசபெத் லைன் எடுத்து, பொண்ட் ஸ்ட்ரீட்டில் மாறி, அவனுக்குப் பக்கத்தில் போய் இருப்பேன். முதல் இரண்டு புதனும் நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது புதன் அவனுக்கு அலுத்துவிட்டது.

"அண்ணை, நீங்கள் அந்த மெஷினைப் பாத்து முழுசிற முழுசலில எனக்குப் பிரஷர் ஏறுது. போனை எடுங்கோ. ஒரு டீம் துவங்குவம்."

"எனக்கு இதெல்லாம் ஏலாது. நான் ஒன்பதாம் வகுப்பு."

"கார் ஓட்டுறவனும் படிச்சவன் இல்லை. பயப்பிடாதேங்கோ."

அவன் சொல்வதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். எழுதாவிட்டால் மறந்துவிடுவேன் என்ற பயம். அந்தக் கொப்பி இப்போதும் இருக்கிறது. முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: முதல் பருவத்தில் வெல்ல நினைக்காதே. எல்லாப் பந்தயத்தையும் ஓடி முடி, அது போதும். வேகமான ஓட்டுநரைத் தேடாதே, தடுமாறாத ஒருவனைத் தேடு. பயிற்சிச் சுற்று எட்டுத் தருவார்கள், எட்டையும் ஓடு. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஓட்டுநர் ஒரு குறை சொல்வான், முன்பக்கம் வழுக்குது, பிரேக் பிடிக்குதில்லை என்று. அவன் சொல்வதைக் கேட்டு மாற்று, உன் மனதில் இருப்பதைக் கேட்டு மாற்றாதே. மேல் பிரிவுக்குப் போக அவசரப்படாதே, அங்கே போனால் உடனே விழுவாய்.

இதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தேன். பிழை விட்டது பெற்றோலில்தான்.

என் முதல் பந்தயத்துக்கு அறுபத்திரண்டு லீட்டர் போதும் என்று தம்பி கணக்குப் பார்த்துச் சொன்னான். நான் அறுபத்திரண்டு என்று எழுதினேன். பிறகு வழியில் முடிந்துவிட்டால் என்று யோசித்து எழுபது ஆக்கினேன். ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, தொண்ணூறு. அன்று கார் நகரவே இல்லை. பாரம். எல்லோருக்கும் கடைசியாக வந்தது.

தம்பி போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது.

"அண்ணை, உங்கட ஆள் ஓட்டினது ரேஸ் கார் இல்லை, தண்ணி பவுசர். இருபத்தெட்டு லீட்டர் மிச்சம்! அதை என்ன செய்யப் போறியள், உங்கட பெற்றோல் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஊத்தப்போறியளோ?"

"நிண்டுபோனா என்ன செய்யிறது?"

"நிண்டா நிக்கட்டும். கொடி விழுந்தாப் பிறகு தாங்கியில கிடக்கிறது ஒருத்தருக்கும் உதவாது."

நானும் சிரித்தேன். அடுத்த பந்தயத்துக்கு எண்பத்தைந்து போட்டேன்.

இரண்டாவது பிழையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் ஓட்டுநரின் ஒப்பந்தம் முடிகிற நேரம், பின்லாந்துக்காரன் ஒருவன் சந்தைக்கு வந்தான். தடுமாறாத ஆள். தம்பிதான் கண்டுபிடித்தான். புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு முன் விண்ணப்பிக்கவேண்டும். நான் ரயிலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். புதன் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைவரை ராகு காலம். பழக்கம் விடவில்லை. ஒன்றரைக்கு அனுப்பலாம், ஒரு அரை மணிதானே என்று இருந்தேன். அனுப்பப் பார்த்தபோது அவன் வேறு குழுவுக்குப் போய்விட்டான்.

கதிரையில் படுத்திருந்த தம்பி நர்ஸுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டான். "ரேஸ் ஓட்டுறவனுக்கு ராகு காலம் பாத்த மனேஜரை ஆரும் கண்டிருக்கிறியளோ? அண்ணை, காருக்கு எலுமிச்சம்பழமும் வைக்கப் போறியளோ? விம்பிள்டன் பிள்ளையாரிட்டக் கொண்டுபோவமோ?" நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் சிரித்தாள். அவன் சிரிக்கும்போது எல்லோருக்கும் சிரிப்பு வரும்.

அதே மாதம்தான் என்னுடைய பரிசோதனைக்கும் திகதி வந்தது. பொருந்துகிறது என்றால் போதாது. என் இரண்டு சிறுநீரகமும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா, ஒன்றை எடுத்தால் மற்றது தாங்குமா என்று பார்க்கவேண்டும். அது முடிந்தால் ஸ்கேன், பிறகு ஒரு பேட்டி, பிறகு சத்திரசிகிச்சைக்கு நாள். ஆங்கிலக் கடிதம் வந்தால் நான் மூன்று தரம் வாசிப்பேன். மூன்று தரமும் வேறு வேறு பயம் வரும். மயக்க ஊசியிலிருந்து எழும்பாவிட்டால். எழும்பி, மிஞ்சிய ஒன்றும் பழுதானால். கொடுத்தும் அவனுக்குச் சரிவராமல் போனால்.

சமையலறையில் கடைக்காரர் தந்த தமிழ்க் கலண்டர் தொங்குகிறது. திகதியைப் பார்த்தேன். அட்டமி. எனக்கு வந்த ஆறுதலை எப்படிச் சொல்வது. உடனே போன் எடுத்து, அன்றைக்கு வர இயலாது என்று சொல்லிவிட்டேன். அட்டமியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், குடும்ப விஷயம் என்றேன்.

"அட்டமி எண்டபடியால் மாத்தினனான்," என்று தம்பிக்குச் சொன்னேன்.

"சரி அண்ணை. நல்ல நாளாப் பாத்துப் போங்கோ," என்றான். பின்லாந்துக்காரனுக்காகப் போட்ட சத்தம் ஒன்றும் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

ஆறு கிழமை கழித்து இரண்டாவது திகதி. அதையும் மாற்றினேன். நவமி என்று தம்பிக்குச் சொன்னேன். மூன்றாவது திகதி மார்கழியில் வந்தது. மார்கழியில் ஒருவரும் நல்ல காரியம் தொடங்குவதில்லை, தைக்கு வைப்போம் என்றேன். மாதத்துக்கு இரண்டு அட்டமி, இரண்டு நவமி, தினமும் ஒரு ராகு காலம். பயந்தவனுக்குக் கலண்டரில் இடம் இல்லாமல் போவதே இல்லை.

கொடையாளர்களைக் கவனிக்கிற பெண் ஒருமுறை என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் போனில் வைத்திருந்தாள். கொடுக்க விருப்பம் இல்லையென்றால் எங்களுக்கு மட்டும் சொல்லுங்கள், பொருத்தமில்லை என்று மட்டும் தம்பியிடம் சொல்வோம், காரணம் ஒருபோதும் சொல்லமாட்டோம் என்றாள். அவ்வளவு மரியாதையாக ஒரு கதவைத் திறந்துவிட்டாள். நான் அதற்குள்ளாலும் போகவில்லை.

"இல்லை, நான் குடுப்பன்," என்றேன். பொய் இல்லை அது. கொடுக்கத்தான் இருந்தேன். அந்த வாரம் இல்லை, அவ்வளவுதான்.

நான் இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அவனுக்கு வேறு வழி பார்த்திருப்பார்கள். தம்பியின் மனைவி தன்னையும் சோதிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "அண்ணை இருக்கிறார், நீ பேசாம இரு" என்று அவன் தடுத்துவிட்டான். இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

மார்கழி முடிய ஒரு கிழமை இருக்கையில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடத்தில் கிருமி பிடித்து, அது இரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போய்விட்டது. ஆறு கிழமை வார்ட்டில் கிடந்தான். அந்தத் தை மாதத்தில் நான் எல்லாப் பரிசோதனைக்கும் ஓடினேன். ஒரு திகதியையும் மாற்றவில்லை. ஊசி குத்தினார்கள், மெஷினுக்குள் படுக்கவைத்தார்கள், பேட்டி எடுத்தார்கள். இவ்வளவு காலம் பயந்தது இதற்குத்தானா என்று வெட்கமாக இருந்தது.

நான் கொடுப்பதற்கு முழுத் தகுதி உள்ளவன் என்று கடிதம் வந்தது. மூன்று தரம் வாசித்தேன். பயம் வரவில்லை. மூன்றாம் நாள் தம்பியின் மனைவி போன் எடுத்தாள்.

"அத்தான், டொக்டர் கதைச்சவர். அவற்ற ஹார்ட் இனி ஒப்பரேஷன் தாங்காதாம். லிஸ்ட்டில இருந்து எடுத்துவிட்டிட்டினம்."

அவள் பின்னால் எங்கோ டிவி ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் திரும்ப அதே கதிரைக்குப் போகத் தொடங்கினான். நானும் புதன்கிழமைகளில் போனேன். மெலிந்துவிட்டான். போர்வைக்குள் கால் இருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில், விளையாட்டில் அவனுடைய குழு ஒரு பிரிவு கீழே விழுந்திருந்தது. அவன் என்னுடைய பிரிவுக்கே வந்துவிட்டான். "இனி ரெண்டு பேரும் ஒரே வகுப்பு," என்றான்.

பங்குனியில் ஒரு புதன், அவனுக்கு ஊசி போட்டு முடிந்ததும் சொன்னேன். ரயிலில் வரும்போது வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"தம்பி, அட்டமி, நவமி எண்டு நான் சொன்னது..."

"விடுங்கோ அண்ணை."

"இல்லை, கேள். எனக்குப் பயமாக் கிடந்தது. அதுதான்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"முதல் தரம் அட்டமிதான். ரெண்டாந்தரம் நவமி இல்லை, ஏகாதசி. எங்கட வீட்டிலயும் அதே கடைக் கலண்டர்தான் தொங்குது."

ராகு காலத்துக்குச் சிரித்தவன், என்னுடைய திகதியைக் கலண்டரில் போய்ப் பார்த்திருக்கிறான். எத்தனை தரம் பார்த்தானோ. சுவருக்கு முன்னால் நின்று, விரலை வைத்து, அந்தச் சின்ன எழுத்தை வாசிக்கிற தம்பியை நினைக்கும்போது எனக்கு இப்போதும் இருக்க முடிவதில்லை.

"அப்ப ஏன்ரா கேக்கேல்லை?"

"கேட்டா உடனே வந்திருப்பியள். அழுதழுது வந்திருப்பியள்." கண்ணை மூடிக்கொண்டான். "கேட்டு வாங்கிறதுக்கு அதென்ன சைக்கிளோ அண்ணை? நீங்களா வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"வந்தனான்தானே."

"ஓம், வந்தனீங்கள்."

அந்த 'ஓம்' இல் கோபம் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். இருக்கவில்லை. மெஷின் ஒருமுறை கத்தியது. நர்ஸ் வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போனாள்.

நாலரை மணியளவில் கண்ணைத் திறந்து, "பெற்றோல் எழுதிட்டியளோ?" என்றான்.

"இன்னும் இல்லை. எவ்வளவு?"

"ஐம்பத்தெட்டு."

ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். அவனுடைய போனை வாங்கி, அவன் சொன்னபடி அவனுடைய குழுவுக்கும் எழுதினேன். அவன் விரல்கள் குளிரில் விறைத்திருந்தன, அழுத்த முடியவில்லை. ஐந்து மணிவரை நான் அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது ஆக்கக் கை போனது. போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு என் கார் ஒன்பதாவதாக வந்தது. இந்த விளையாட்டில் பந்தயம் முடிந்ததும் மிச்ச பெற்றோலைக் காட்டுவார்கள். ஒரு லீட்டரும் இல்லை. தம்பிக்குப் போன் எடுத்தேன். அவனுடைய மனைவி எடுத்தாள். வந்ததும் நித்திரையாகிவிட்டான், எழுப்பட்டோ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

என்னுடைய பரிசோதனை முடிவுகள் காலாவதியாகுமாம், திரும்பச் செய்யவேண்டிவரும் என்று ஆஸ்பத்திரிப் பெண் அண்மையில் சொன்னாள். இப்போதைய நிலையில் செய்யத் தேவையில்லை என்றும் மெதுவாகச் சொன்னாள். லிஸ்ட்டிலிருந்து என் பெயரை எடுக்கவேண்டாம், திகதி தாங்கோ என்று கேட்டேன். தம்பிக்கு இது தெரியாது. கடிதம் நேற்று வந்தது. நான் இன்னும் கலண்டர்ப் பக்கம் போகவில்லை.