முப்பத்தேழாம் எண் எழுதியது

நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் இணையம் உண்டு. நாமக்கல் பக்கம் இணையம் இல்லாத பள்ளியில் எவர் பிள்ளையைச் சேர்ப்பார்? ஆனால் ஆய்வகக் கணினிகளில் திறப்பது ஒரே ஒரு தளம், பள்ளியின் சொந்தத் தளம். அதில் தாளாளர் சிரித்துக்கொண்டிருப்பார். வேறு எதைத் தட்டினாலும் 'அனுமதி இல்லை' என்று சிவப்பு எழுத்து வந்து நிற்கும். ஒரு நாள் திருக்குறள் உரை தேடினேன், அதற்கும் சிவப்பு. காமத்துப்பால் இருக்கிறதல்லவா என்று ஆய்வகப் பொறுப்பாளர் விளக்கம் கொடுத்தார்.

அப்படிப்பட்ட இடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வலைப்பூ நடத்தக் கிளம்பினேன். தமிழ் டீச்சருக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என் பிறவிக் குணம்.

பிள்ளைகள் அரைத்தாளில் எழுதித் தருவார்கள். ராசிபுரத்தில் என் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றுவேன். யாராவது மறுமொழி போட்டால் அதைத் தாளில் எழுதிக் கொண்டுபோய் வகுப்பில் படிப்பேன். மலேசியாவிலிருந்து எவரோ போட்ட 'அருமை' என்ற ஒற்றைச் சொல்லுக்கு வகுப்பே கைதட்டியது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

பிள்ளைகளின் பெயரை இணையத்தில் போடக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. அதனால் பெயருக்குப் பதில் வரிசை எண்ணைப் போட்டேன். எப்பேர்ப்பட்ட அறிவாளி! எங்கள் பள்ளியில் பெயரைச் சொன்னால்தான் 'எந்தப் பிள்ளை?' என்பார்கள். எண்ணைச் சொன்னால் போன தேர்வின் மதிப்பெண்ணோடு தாளாளர் ஒப்பிப்பார்.

முப்பத்தேழாம் எண் இப்படி எழுதியிருந்தாள்: "என் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள் புத்தம் புதிதாக இருக்கின்றன. அட்டை போட்டதோடு சரி. ஜூன் மாதத்திலிருந்தே எங்களுக்குப் பத்தாம் வகுப்புப் பாடம்தான். இவற்றை அப்படியே தங்கைக்குக் கொடுத்துவிடலாம். அவளும் திறக்க மாட்டாள்."

நான் சிரித்துக்கொண்டே ஏற்றினேன்.

யாரோ ஒரு பெற்றோர் படித்துவிட்டுத் தாளாளருக்குப் போன் போட்டார். தாளாளர் தன் அறைக் கணினியில் திறந்து பார்த்தார். சிவப்பு எழுத்து. ஆய்வகப் பொறுப்பாளர் ஓடி வந்து மல்லுக்கட்டினார், தான் போட்ட பூட்டைத் தனக்கே திறக்கத் தெரியவில்லை. கடைசியில், ஆசிரியர்களின் கைப்பேசிகளைப் பூட்டி வைத்திருந்த காவலாளியின் பெட்டியைத் திறந்து, என்னுடையதை வரவழைத்துப் படித்தார்கள்.

"முப்பத்தேழுதானுங்களே? கணக்குல தொண்ணூத்திரண்டு எடுத்த புள்ள" என்றார் தாளாளர்.

மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். விசைத்தறி ஓட்டுபவர், ஷிப்டை விட்டுவிட்டு வந்திருந்தார். மகள் பக்கத்தில் நின்றாள்.

"புள்ள எழுதுனது பொய்யுங்களா?" என்று தாளாளரிடம் கேட்டார்.

"பொய்யின்னு நாஞ் சொல்லலீங்க. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் நடக்கறதுதானுங்க. அதை எதுக்கு ஊருக்குச் சொல்லோணும்? அழிக்கச் சொல்லுங்க, இல்லாட்டி டி.சி.ய வாங்கிக்குங்க."

அப்பா மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அழிச்சுப் போடுங்க டீச்சர். பத்தாவதுக்கு முன்னால டி.சி. குடுத்தா எங்கீங்க கொண்டுபோய்ச் சேத்தறது?"

'எழுதச் சொன்னது நான், எண்ணைப் போட்டதும் நான், அனுப்புவதானால் என்னை அனுப்புங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். வகுப்பில் கிழி கிழியென்று கிழிக்கும் என் வாயில் அன்றைக்குக் கொழுக்கட்டை. எனக்கும் வேலை வேண்டியிருந்தது. தாளாளர் பார்க்க, அவள் பார்க்க, என் விரலாலேயே வலைப்பூ மொத்தத்தையும் அழித்தேன்.

"நீங்க நல்லாருக்கோணுஞ் சாமி" என்று அவளுடைய அப்பா என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

அடுத்த மாதம் 'எங்கள் பள்ளி' என்று கட்டுரை கொடுத்தேன். முப்பத்தேழாம் எண் கைடில் இருந்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் இறக்கியிருந்தாள். அறிவுக் கோயில், ஒழுக்கத்தின் ஊற்று, எல்லாம் இருந்தன. பத்துக்குப் பத்து போட்டேன். குறைப்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

நோட்டை வாங்கியவள் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை.

"இனிமே இப்படித்தானுங்களே மிஸ் எழுதோணும்?"

குத்தலாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.