மறுகாவும் மருகாவும்

எங்கள் பக்கத்தில் 'பிறகு' என்று சொல்பவர் குறைவு. 'மறுகா' என்போம். மறுகா வாறன், மறுகா தாறன், மறுகா பாப்பம். வெளியூர்க்காரர் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். என் தம்பி தொலைபேசியில் கடைசியாகச் சொன்னதும் அதைத்தான்: "மறுகா எடுக்கிறன் அக்கா."

ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பா போனவன் அவன். தங்கியிருக்கும் அறையில் ஒரு கணினி இருக்கிறது, அதில் இணையத் தமிழ் வானொலி ஒன்று நாள் முழுக்கப் பாடுகிறது என்று அன்றைக்குச் சொன்னான். வானொலியின் பெயரையும் சொன்னான். அதோடு சரி, கிணற்றில் போட்ட கல். சண்டை மறுபடி தொடங்கி, அவன் வழக்கமாக எனக்குத் தொலைபேசி எடுக்கும் சந்திக் கொமினிகேஷன் கடையையும் பூட்டிவிட்டார்கள். பூட்டிய கடைக்குள் மணி அடித்ததோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? அம்மாவும் அப்பாவும் முன்பே செத்துப்போய்விட்டார்கள். செட்டிபாளையத்து வீட்டில் நானும் தையல் மெஷினும்தான் மிச்சம்.

அதனால் கிழமைக்கு ஒருநாள் பஸ் ஏறி மட்டக்களப்பு ரவுனுக்குப் போனேன். பாலத்தடியில் ஆமிக்காரர் இறக்கிச் சோதிப்பார்கள். எங்கே போகிறாய் என்றால் நூல் வாங்க என்பேன். அந்த வருசங்களில் நான் வாங்கிய நூலுக்கு வாவியையே சுற்றிக் கட்டியிருக்கலாம்.

போன இடம் ஒரு நெட் கடை. சவூதியிலிருந்து திரும்பி வந்த காத்தான்குடிக்காரர் நடத்தினார். மூன்று கணினி, ஒரு மின்விசிறி, பஞ்சு பிய்ந்த ஹெட்போன். பின்னேரத்தில் அந்த வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் வந்து வாழ்த்துச் சொல்லும் நேரம். நான் பாட்டுக் கேட்கப் போகவில்லை. யார் யார் குரல் வருகிறது என்று கேட்கப் போனேன். ஒருவர் "வணக்கம்" என்று தொடங்குவார், ஒலி நின்றுவிடும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் எனக்கு வரும் எரிச்சலை எழுத்தில் எழுத முடியாது. நின்றுபோன அந்த இடத்தில்தான் தம்பி பேசிவிட்டுப் போயிருப்பானோ என்று அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"லைன் ஸ்லோ அக்கா, கொஞ்சம் பொறுங்க" என்பார் கடைக்காரர். பொறுப்பதைத் தவிர நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்?

அந்த வானொலியின் பக்கத்தில் செய்தி எழுத ஒரு கட்டம் இருந்தது. எழுதினால் அறிவிப்பாளர் வாசிப்பார். தம்பி பெயரை எழுதப் பயம். என் பெயரை எழுதவும் பயம். எந்தச் சொல்லை யார் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள் என்று தெரியாத காலம். அவனுக்கு மட்டும் விளங்கும்படி ஒரு வரி யோசித்தேன். கணினியில் தமிழ் எழுத்து இல்லாததால் ஆங்கில எழுத்தில் தட்டினேன்: "மறுகா, மறுகா, எப்ப வருவாய்? மட்டக்களப்பு அக்கா."

ஆங்கிலத்துக்கு ஏது இடையின ரகரமும் வல்லின றகரமும்?

அறிவிப்பாளர் உருகிப்போனார். "மட்டக்களப்பிலிருந்து ஒரு சகோதரி, 'மருகா, மருகா, எப்ப வருவாய்' என்று அந்தத் திருமால் மருகனை, முருகப்பெருமானை அழைத்திருக்கிறார். அந்த மண்ணின் துன்பம் தீர அவருக்காக இதோ ஒரு பக்திப் பாடல்." முழுப் பாட்டும் ஓடியது. அன்றைக்கென்று வட்டம் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை.

தம்பியைக் கூப்பிட்டால் முருகன் வருகிறான்! எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெட்போனோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது. சொல்லையே பறித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அடுத்த கிழமை போகாமல் விட்டிருக்கலாம். போனேன். இரண்டு வாழ்த்துகள் முடிந்த பின் ஓர் ஆண் குரல் வந்தது.

"அண்ணன், போன கிழமை நீங்க ஒரு பிழை விட்டுட்டீங்க. அது முருகன் இல்ல. மறுகா எண்டா எங்கட ஊர்ப்பக்கம் பிறகு எண்டு அர்த்தம். மறுகா எடுக்கிறன் எண்டு ஆரோ சொல்லிப்போட்டு எடுக்கல்ல. அந்த அக்கா அதத்தான் கேக்கிறா."

முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது, தம்பி இல்லை. தம்பிக்கு இத்தனை கட்டைக் குரல் இல்லை. ஆனாலும் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

அறிவிப்பாளர் சங்கடத்தோடு சிரித்தார். "அப்ப நீங்கள்தான் அந்தத் தம்பியோ?"

"இல்ல அண்ணன். எனக்கும் ஊரில ஒரு அக்கா இருக்கா. இருக்கிறாவோ எண்டும் தெரியா. இந்த அக்கா கேட்டுக்கொண்டிருந்தா ஒண்டு சொல்லுங்க. நான் அவட தம்பி இல்ல. எண்டாலும் மறுகா எடுக்கிறன்."

"ஓம்," என்றேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலும், கடைக்காரர் எழும்பி வந்தார். என் முகத்தைப் பார்த்து அவருடைய முகமும் மலர்ந்தது.

"தம்பி கிடைச்சிட்டாரா அக்கா?"

"இல்ல. இது வேற ஒராளுட தம்பி."

அடுத்த கிழமையும் நூல் வாங்கப் போனேன்.