எண்ணாமல் வாங்காதவர்

ஆம்பூர் அலுவலகத்தை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு பச்சைக் கோடு. கணினித் திரையின் அடியில் அது மெல்ல மெல்ல நகரும். வலது ஓரத்தைத் தொட்டால்தான் நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கிற அன்றைய டெஸ்ட்டுகள் எல்லாம் தேறின என்று பொருள், வீட்டுக்குக் கிளம்பலாம். நான் பிடிக்க வேண்டிய காட்பாடி மாலை ரயில் ஊதும்போது அந்தக் கோடு பெரும்பாலும் பாதி வழியில் நின்றுகொண்டிருக்கும். நான் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஷூ கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிற சின்ன அலுவலகம் அது. எங்கள் டீம் லீடர் வாணியம்பாடிக்காரர். கணினிக்கு வருவதற்கு முன் ஷூ ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவர். அங்கே கட்டிங்கிலிருந்து வருகிற தோல் துண்டுகளைத் தையல் பிரிவு மறுபடி எண்ணித்தான் வாங்கும். தைத்ததை அடுத்த பிரிவு எண்ணும், கடைசியில் பேக்கிங் எல்லாவற்றையும் எண்ணும். ஒரு பிரிவு சொன்ன கணக்கை இன்னொரு பிரிவு நம்பிய சரித்திரம் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. மனுஷர் அந்தப் பழக்கத்தை அப்படியே மென்பொருளுக்குள் கொண்டுவந்துவிட்டார். பிரிவுக்கு ஒன்றாக நான்கு ரெப்போக்கள், அதாவது நிரல்களைத் தனித்தனியாகப் பூட்டி வைக்கிற நான்கு கிடங்குகள். ஒவ்வொன்றும் தனக்கு முந்தையவற்றின் டெஸ்ட்டுகளையும் சேர்த்து ஓட்டும். பேக்கிங்கில் ஒரு எழுத்தை மாற்றினாலும் போதும், கட்டிங்கிலிருந்து ஆரம்பித்து எல்லாம் திரும்பத் திரும்ப ஓடும்.

நான் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய சமயம் அது. ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் பார்க்கிற கணவரிடம் கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலூரிலிருந்து வருவேன். மாலையானால் பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கும். சட்டை நனைந்துவிடும், துப்பட்டாவை இழுத்து மூடிக்கொள்வேன். அலுவலகத்தில் என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள். பால்புட்டியைத் தொடமாட்டேன் என்று குழந்தை அழுகிறாள், தான் ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று கணவர் ஃபோன் செய்வார். கோடு அசையாது.

நான்கையும் ஒன்றாக இணைத்து, ஒரு டெஸ்ட்டை ஒரே தடவை ஓட்டினால் போதும் என்று டீம் லீடரிடம் படம் போட்டுக் காட்டினேன். நேரம் மிச்சமாகும், திருத்தங்கள் வாடிக்கையாளருக்குச் சீக்கிரம் போகும், தப்பு நடந்தாலும் உடனே தெரியும் என்று அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு ஒரே பதில்தான் சொல்வார்.

"எண்ணாம வாங்குனா அப்பறம் பேஜார்மா."

ஆள் கெட்டவரில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கத்தினாலாவது பதிலுக்குக் கத்தலாம். இவர் டீ வரவழைத்துக் கொடுப்பார். மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. திருத்தம் இன்னும் வரவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் சத்தம் போட்ட பிறகுதான் இறங்கி வந்தார். இணைக்கிற வேலையை நானே செய்தேன். ஒரே பெயரில் நான்கு இடங்களில் கிடந்த கோப்புகளைப் பிரித்து, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டவற்றைச் சரிக்கட்டி முடித்தேன். முடித்த அன்று, டீ ஆறுவதற்குள் கோடு வலது ஓரத்தைத் தொட்டுவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துட்டுப் போயேம்மா," என்றார்.

அதுவரை வாயில் வராதது அன்று வந்துவிட்டது. "சார், கொழந்தைக்குப் பால் குடுக்கணும்."

அவர் முகம் மாறிவிட்டது. நிஜமாகவே துடித்துப்போனார். "இன்னாம்மா நீ, மொதல்லயே சொல்லிருந்தா அன்னிக்கே சேத்துருப்போமே," என்றார். மாதக்கணக்கில் நான் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட ஏறாத மண்டையில் இது ஒரு நொடியில் ஏறியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேலை நடக்கிற விதம் சரியில்லை என்பது போதாதா? அதற்கு நான் என் பால் விஷயத்தையெல்லாம் சொல்ல வேண்டுமா?

இப்போது வேறொரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் டெஸ்ட்டுகள் முடிந்துவிடுகின்றன. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வேகமாக முடிகிற ஒவ்வொரு தடவையும் இணைத்து முடித்த அந்தச் சாயங்காலம்தான் நினைவுக்கு வருகிறது. அன்று வெளிச்சம் இருக்கும்போதே வேலூர் வந்து சேர்ந்துவிட்டேன். கை கால் கழுவிக்கொண்டு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டேன். அவள் ஒரு வாய் இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வாரமாகவே புட்டிக்கு நன்றாகப் பழகிவிட்டாள், உனக்குக் கஷ்டமாக இருக்குமே என்று சொல்லவில்லை என்றார் கணவர். நான் அவர் கையிலிருந்த புட்டியை வாங்கி அவள் வாயில் வைத்தேன்.