புளி வைத்திருந்த ஐஸ்கிரீம் டப்பா

மூடியைத் திறந்ததும் முதலில் வருவது வாசனைதான். கொஞ்சம் பால், கொஞ்சம் ஊறிய திராட்சை, கூடவே என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு மணம்... ஜூரோங்கில் எங்கள் மூவறை வீட்டில் ஞாயிறு மதியம் என்றாலே எனக்கு அந்த வாசனைதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். ஞாயிறு காலை தேக்கா சந்தைக்குப் போய் ஆட்டிறைச்சியும் காய்கறியும் வாங்கி வருவோம். சாப்பாடு முடிந்ததும் அப்பா ஃப்ரீசரிலிருந்து பெரிய டப்பா ஒன்றை எடுப்பார். வீட்டில் அதற்குப் பெயர் திராட்சை ஐஸ்கிரீம். எனக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கு இரண்டு கரண்டி, அப்பாவுக்கு ஒரு கிண்ணம் நிறைய.

அப்பா முன்பு குடித்தவர். எங்கள் அடுக்குமாடி புளோக்கே அறிந்த விஷயம், மறைக்க ஒன்றுமில்லை. நான் ப்ரைமரி த்ரீ படிக்கும்போது ஒருநாள் என் தலைமேல் கை வைத்து, "இனிமே ஒரு சொட்டு தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்தார். சொன்னபடியே இருந்தார். அதற்குப் பிறகுதான் இந்த ஐஸ்கிரீம் வீட்டுக்குள் வந்தது. அவர் வாய்விட்டுக் கேட்டு வாங்கச் சொன்ன பண்டம் அது ஒன்றுதான்.

அடுத்த வருடம் பள்ளி நூலகத்தில் கடற்கொள்ளையர் கதை ஒன்று கிடைத்தது. அதில் எல்லாரும் எந்நேரமும் ரம் குடித்தார்கள். ரம் என்றால் என்ன என்று டீச்சரிடம் கேட்டேன், சொன்னார். வீட்டுக்கு வந்து ஐஸ்கட்டி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தால், டப்பா மூடியில் கொட்டை எழுத்தில் 'ரம் அண்ட் ரெய்சின்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. தினமும் கண்ணில் பட்ட எழுத்துதான்... அன்றைக்குத்தான் படித்தேன்.

முதலில் என் தலையைத் தொட்டுப் பார்த்தேன். சத்தியம் அதன்மேல்தானே. ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பிறகுதான் உண்மையான பயம் வந்தது. 'சத்தியம்தான் எப்பவோ போயிடுச்சே' என்று அப்பா பழையபடி ஆரம்பித்துவிட்டால்?

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. காதோடு காதாகச் சொன்னேன்.

"நெஜமாவா?"

"டீச்சர் சொன்னாங்கம்மா."

"அப்பாகிட்ட மூச்சு விடாத."

மிச்சமிருந்த ஐஸ்கிரீமை அம்மா சிங்க்கில் கொட்டினார். ஆனால் டப்பாவைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் எந்த ஐஸ்கிரீம் டப்பாவும் குப்பைக்குப் போனதில்லை. ஏற்கெனவே ஒன்றில் மிளகாய்த்தூள், ஒன்றில் கருவாடு, இப்போது இதில் புளி. மூன்றிலும் அதே மூடி. நான் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரை எடுத்து உட்கார்ந்து, மூன்று மூடிகளிலும் 'ரம்' என்ற எழுத்துகளை மட்டும் தேய்த்தேன். ரெய்சினை விட்டுவிட்டேன், அது என்ன பாவம் செய்தது.

அடுத்த ஞாயிறு அப்பா கேட்டார், "திராட்சை எங்க?"

"கடையில இப்ப வர்றதில்லையாம்" என்றார் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

அதன்பின் வாரம் ஒரு புது ருசியில் டப்பா வந்தது. முதலில் சேப்பங்கிழங்கு. அந்த ஊதா நிறத்தை அப்பா வெகுநேரம் பார்த்தார். "இத வறுத்துல்ல சாப்பிடணும்." சிவப்பு பீன்ஸ் வந்தபோது, "பாயாசத்த ஃப்ரிட்ஜுல மறந்துட்ட மாதிரி இருக்கு லா" என்றார். டுரியான் பழ ஐஸ்கிரீம் வந்த வாரம் ஃப்ரீசரில் இருந்த மீன்கூட டுரியான் நாறியது. எதையும் அவர் பாதிக்குமேல் சாப்பிடவில்லை. சாயங்காலம் வெளியே போகச் சட்டையை மாட்டினால், நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

நான்காவது வாரம் மக்காச்சோளம். அப்பா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். "இது நல்லா இருக்கு. இனிமே இதையே வாங்கு."

அம்மா அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோள ஐஸ்கிரீம்தான். அப்பா திரும்பக் குடிக்கவே இல்லை.

போன மாதம் அப்பா, அம்மா, என் மகன் மூவரையும் தேக்கா பக்கத்தில் ஒரு புது ஐஸ்கிரீம் கடைக்கு அழைத்துப் போனேன். மசாலா டீ, குலா மலாக்கா வெல்லம், கறுப்பு எள் என்று கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாக இருந்தது. இப்போதெல்லாம் குட்டிக் கரண்டியில் ருசி பார்த்து, பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். மகன் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தான்.

"தாத்தா, ரம் அண்ட் ரெய்சின்?"

எனக்கும் அம்மாவுக்கும் திக்கென்றது.

"வேணாம்பா. அத நெறைய சாப்பிட்டாச்சு" என்றார் அப்பா. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "மூணு மூடியிலயும் ஒரே எடத்துல தேய்ச்சு வச்சா தெரியாதா? நான் வெல்டர் லா. தேய்க்கிறது என் வேலை. எழுத்தோட தடம் அப்படியே இருந்துச்சு."

அம்மா கேட்டார், "தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"பாத்த அன்னைக்கு எனக்கே பக்குனு ஆயிடுச்சு. தெரியாம சாப்பிட்டதுதானேன்னு மனச தேத்திக்கிட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழமையானா என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. அதான் சோளம் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டேன்."

"அப்ப புடிக்காதா?"

"சுத்தமா புடிக்காது."

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எத்தனை ஞாயிறு, எத்தனை கிண்ணம்... எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் கலங்கிவிட்டது. அப்பா பாட்டுக்குக் கரண்டி கரண்டியாக ருசி பார்த்து, கடைசியில் சேப்பங்கிழங்கு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஃப்ரீசரைத் திறந்தேன். போன வாரம் அம்மா வாங்கி வைத்த சோள ஐஸ்கிரீம் பாதி டப்பா இருந்தது. நானும் அம்மாவும் உட்கார்ந்து அதை முழுவதும் சாப்பிட்டு முடித்தோம். அப்பாவுக்குக் கொடுக்கவில்லை.