கம்ப்யூட்டரில் துண்டு போட்ட காலம்

நேற்று கைபேசியில் பழைய படங்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். ‘நிரந்தரமாக நீக்கவா?’ என்று கேட்டது. விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

“ஏனுங்கப்பா, ஏழு வேன் ஓட்டற மொதலாளி, ஒரு போட்டோவ அழிக்க இப்படி நடுங்கறீங்க?” என்று மகள் சிரித்தாள்.

நடுங்கத்தான் செய்யும். அந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்கு ஒரு குளிர் அறையின் வாசனை வந்துவிடும். சூடேறிய பிளாஸ்டிக், பிரிண்டர் ரிப்பன் மை, தரை துடைத்த பினாயில், மூன்றும் கலந்த வாசனை.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில், கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில், முனைவர் பட்டத்துக்குப் படித்தவர்களுக்கே கமாண்டு சொல்லிக் கொடுத்தவன். ஏசி மெக்கானிக்காகத்தான் அந்த கம்ப்யூட்டர் ஹாலுக்குள் போனேன். குளிர் குறையாமல் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற வேலை. உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இருந்த ஆபரேட்டர் வேலையை விட்டுப் போனதும் அந்த நாற்காலியை எனக்கே கொடுத்தார்கள். பரீட்சை எழுதாமல் அதில் உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான்.

எட்டு மெஷின்களை ஒயரால் கோத்து வைத்திருந்தார்கள். கிளஸ்டர் என்று பெயர். அதில் யாரும் தங்கள் கணக்கை நினைத்த நேரத்தில் ஓட்ட முடியாது. வரிசையில் போட வேண்டும், முறை வந்தால் அதுவாக ஓடும். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் பாடம் இதுதான்: “காந்திபுரத்துல பஸ் ஏறற மாதிரிதானுங்க. க்யூசப் அடிச்சா வரிசைல நின்னுட்டீங்க. க்யூஸ்டாட் அடிச்சா உங்களுக்கு முன்னால எத்தன பேருன்னு தெரியும். வேண்டாம்னா க்யூடெல், எறங்கிப் போட்டீங்க.” புத்தகத்தில் நாற்பது பக்கம் இருப்பதை நான் மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவேன்.

அந்தப் பெருமைதான் வினையாயிற்று. ஒரு வாத்தியார் எழுந்து, “அப்பறம், சன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிக்கலாமுங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும், “போட்டுத்தான் பாருங்களே சார்” என்றேன்.

போட்டுவிட்டார்கள். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா தூங்குகிற வெற்றுக் கணக்கு ஒன்றை அனுப்பி மெஷினைப் பிடித்துக்கொள்வது, நிஜக் கணக்கை எழுதி முடித்த பிறகு துண்டை எடுத்துவிட்டு அதை உட்கார வைப்பது. ஒரே மாதத்தில் பாதி மெஷின்கள் தூங்கின. துறைத்தலைவர் வந்து பார்த்துவிட்டு, “ஏசிக்காரன உக்கார வெச்சா இப்படித்தான்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ரோஷத்தோடு உட்கார்ந்தேன். மற்றவர்கள் அவரவர் போட்ட கணக்கை, எங்கள் பேச்சில் ‘வேலை’யை, மட்டுமே அழிக்க முடியும். என் நாற்காலியில் இருந்து யாருடையதையும் அழிக்கலாம். எது சும்மா இருக்கிறது என்று பார்த்து, அதன் எண்ணை மட்டும் அடித்து, ஒவ்வொன்றாகத் தூக்கினேன். ஐந்தாவதைத் தூக்கிய பிறகுதான் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த பெயரைப் பார்த்தேன். கோகிலா.

மேட்டுப்பாளையத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஆராய்ச்சி மாணவி. பம்புக்குள் தண்ணீர் எப்படிச் சுழல்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். துண்டு போடுகிற ஆளே இல்லை. பன்னிரண்டு நாளாக ஓடிய அந்தக் கணக்கு, இடையில் டிஸ்கில் எதையோ எழுதுவதற்காக நின்றிருந்த சில நிமிடங்களில் நான் பார்த்திருக்கிறேன். பதினெட்டு நாளில் ஆய்வை ஒப்படைக்காவிட்டால் அவருடைய பதிவு ரத்து.

அந்த ஹாலுக்குள் செருப்போடு வரக் கூடாது. வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே உள்ளே யார் என்று சொல்லிவிடுவேன். கோகிலாவுடையது நீல வார். அன்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானே ஓட்டுகிற ஏசியில் எனக்கு முதுகு நனைந்தது. பத்து மணிக்கு நீல வார் வந்தது. அவர் தன் இடத்தில் உட்கார்ந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

“அண்ணா, என்ற வேலையக் காணோமுங்க.”

“கரண்டு போயிருச்சு அம்மணி.”

“யூபிஎஸ் இருக்குதுங்களே?”

“அதுந்தான்... போயிருச்சு.”

பக்கத்து மெஷின்களில் மூன்று பேரின் கணக்குகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “செரிங்கண்ணா” என்று போய், முதலில் இருந்து மறுபடியும் போட்டார்.

முழுதாக ஓடி முடிக்கப் பதினாலு நாள். அந்தப் பதினாலு நாளும் நான் சோற்றைச் சோறாகத் தின்னவில்லை. பொய் வெளியே வந்தால் நாற்காலி போகும், திரும்ப ஏசி வேலைக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். கணக்கு நின்றாலோ ஒரு பெண்ணின் ஐந்து வருடம் போகும். க்யூடெல் பக்கமே விரலைக் கொண்டுபோகவில்லை. துண்டு போட்டவர்களின் அறைக்கே போய், “சார், நீங்களே எடுத்துப்போடுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் நிஜமாகவே கரண்டு போனது. விளக்கும் ஏசியும் ஒன்றாக அடங்கின. இருட்டில் யூபிஎஸ் மட்டும் விட்டுவிட்டுக் கூவியது. மெஷின்களின் பச்சை விளக்குகள் எட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன. பின்னால் கோகிலாவின் குரல்: “பரவால்லீங்கண்ணா, இப்ப யூபிஎஸ் நல்லா வேல செய்யுதுங்க.”

நான் பச்சை விளக்குகளை மறுபடியும் எண்ணினேன்.

கணக்கு முடிந்தது. ஆய்வையும் கொடுத்துவிட்டார். சொல்லிக்கொள்ள வந்த அன்று, “அஞ்சு நிமிசம் எந்திரிங்கண்ணா” என்று என் நாற்காலியில் உட்கார்ந்து என்னவோ அடித்துவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து யாரோ தங்கள் வேலையை அழித்துத் தரச் சொன்னார்கள் என்று பயந்து பயந்து க்யூடெல் அடித்தேன். வேலை அழியவில்லை. உரியவர் பெயர் பெரிதாக வந்தது. அதன் கீழே, ஆங்கில எழுத்தில் நம்முடைய பேச்சு: “யாரோடதுன்னு பாத்தீங்களாண்ணா? அழிச்சுப்போடட்டுங்களா?”

பிறகுதான் ஒருவர் சொன்னார். யாருடைய வேலையையாவது அழித்தால், அழித்தது யார் என்று உரியவருக்கு அந்தக் கிளஸ்டரே ஒரு வரி மெயில் அனுப்பிவிடுமாம். என்னிடம் வந்து கேட்பதற்கு முன்பே அவர் அதைப் படித்திருக்கிறார்.

அந்த ஹால் இப்போது பரீட்சை ஹால். எல்லோரும் செருப்போடு போகிறார்கள். எட்டு மெஷின்களையும் எடைக்குப் போட்டுவிட்டார்களாம், கோகிலாவின் அந்தக் கேள்வியும் கூடவே போயிருக்கும். ‘நீக்கவா’ என்று கைபேசியும் கேட்கத்தான் செய்கிறது. யாருடையது என்று பார்த்தாயா என்று மட்டும் அது கேட்பதில்லை.