படுத்தபடி ஒன்பது கிலோமீட்டர்

2008 ஜூலை, திங்கள். காலை 8.50, முத்தியால்பேட்டை.

என் வண்டியைப் பார்க்கத் தெருவே வாசலில் நிற்கிறது. ஒருவருக்கும் வேலை இல்லை போலிருக்கிறது. இரண்டு பழைய சைக்கிள்களை அறுத்துப் பற்றவைத்தது. நடுவில் கால் வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் பெடல், பின்சக்கரத்தில் உடைந்த மின்சார ஸ்கூட்டரின் மோட்டார். நாற்காலிக்குப் பின்னால் தகரப் பெட்டியில் மூன்று பேட்டரிகள். சாய்ந்து படுத்து, காலை முன்னே நீட்டி மிதிக்க வேண்டும். நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது.

ஆசைக்குச் செய்யவில்லை. இரண்டு வருடமாக இடுப்பில் டிஸ்க் நழுவிக் கிடக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டினால் கால் மரத்துவிடும். பஸ்ஸில் நின்றால் ஒவ்வொரு பிரேக்குக்கும் உயிர் போகும். ஆட்டோ போக வர இருநூறு ரூபாய். காலாப்பட்டில் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளர் நான். அந்தச் சம்பளத்துக்குக் கட்டாது. போன மாதம் பதினோரு நாள் தாமதம். "இன்னும் ஒரு நாள் பத்து மணிக்கு மேல வந்தா மெடிக்கல் போர்டுக்கு எழுதிடுவேம்மா. வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார் அலுவலக மேலாளர். எனக்கு ரெஸ்ட் வேண்டாம். வேலை வேண்டும்.

"பாடைக்குப் பெடல் வச்சாப்ல இருக்குதே!" என்றாள் எதிர்வீட்டு அம்சவல்லி. தெரு சிரித்தது.

"உனக்கும் ஒண்ணு செஞ்சு தரேன், படுத்துப் பாரு" என்று சொல்லிவிட்டு 9.05க்குக் கிளம்பினேன்.

9.08, கோட்டக்குப்பம். மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகம். வலி இல்லை. இரண்டு வருடத்தில் முதல்முறையாக வலி இல்லாமல் ரோட்டில் போகிறேன். அதை அனுபவிக்க விட்டார்களா? பஸ் டிரைவர் காதருகே ஹாரனை அழுத்திப் பிடித்தார். "பொம்பள ரோட்ல படுத்துக்கினு போவுது பாரு" என்று ஜன்னல் வழியாக ஒரு குரல்.

9.22, பொம்மையார்பாளையம். காலி மீன்பெட்டி கட்டிய மொபெட் ஒன்று பக்கத்தில் வந்தது. பெரிய மார்க்கெட்டில் மீனைப் போட்டுவிட்டுக் காலாப்பட்டு திரும்புகிறவன்.

"யக்கா, வண்டி நின்னுபோச்சா?"

"ஓடுது. நீ போ தம்பி."

"சத்தமே காணோமே, எப்டி ஓடும்? நீ கெட்டியா புடிச்சுக்க."

நம் ஊரில் பெட்ரோல் தீர்ந்த வண்டியைப் பின்னால் வருகிறவன் ஒரு காலை நீட்டித் தள்ளிக்கொண்டு போவான். கேட்கமாட்டான், நன்றிக்கும் நிற்கமாட்டான். அதே பழக்கத்தில் இவனும் காலை வைத்தான், என் பேட்டரிப் பெட்டி மேல். தகரம் நசுங்கியது. படாரென்று பொறி பறந்தது. ஒயர் அறுந்து மோட்டார் செத்தது.

நான் அவனைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. இன்னும் நான்கு கிலோமீட்டர். ஒயரைப் பற்றவைக்க கையில் ஒன்றும் இல்லை. இவ்வளவு கனத்தை நானே மிதித்தால் பத்தேகாலுக்குப் போய்ச்சேரலாம், இடுப்பு மிச்சமிருந்தால். வண்டியை ரோட்டோரம் விட்டு பஸ் ஏறினால் சாயங்காலம் பாதி வண்டி இருக்காது.

அவன் போகவில்லை. வாங்கிக்கட்டிக்கொண்டு நின்றான். "எங்க வைக்கணும்னு காட்டுக்கா. அங்கதான் வைப்பேன்."

பின்சக்கரத்துக்கு மேலிருந்த இரும்புக் குழாயைக் காட்டினேன். "பெட்டியில பட்டுச்சுன்னா காலை ஒடச்சிடுவேன்."

"ஒடைக்கிறதுன்னா காலாப்பட்டுல ஒடை. இப்ப ஏறு."

9.54, கல்லூரி வாசல். மேலாளர் வண்டியை, என்னை, செருப்பில்லாத அவன் காலை, மூன்றையும் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"மணி என்ன சார்?"

வாட்ச்சைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்தபோது மொபெட் போய்விட்டிருந்தது. பெயர்கூடக் கேட்கவில்லை. திட்டத்தான் நேரம் இருந்தது.

சாயங்காலம் லேபிலேயே ஒயரைப் பற்றவைத்தேன். முப்பத்திரண்டு நிமிடத்தில், யார் காலும் படாமல், வீடு வந்தேன். கோபம் மட்டும் கூடவே வந்தது. உதவி செய்கிறவனுக்கு வாய் எதற்கு இருக்கிறது? காலை வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

அடுத்த ஞாயிறு பெட்டியை நாற்காலிக்கு அடியில் மாற்றினேன். பின்னால், குழாயின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தட்டைப் பற்றவைத்தேன்.

"அது எதுக்கு?" என்றாள் அம்சவல்லி.

"கால் வைக்க."

"யார் காலு?"

"கேக்காம வைக்கிறவன் காலு."